சுவரில் துடுப்புப் போட்டவர்

பேய் பார்க்க விமானம் ஏறிப் போனவன் எங்கள் பரமக்குடிப் பக்கத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். மற்றவர்களுக்குப் பேய் வீடு தேடி வரும். நான் கடல் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நான் படித்தவன் இல்லை. ஐந்தாம் வகுப்பு வாத்தியார், "முனியசாமி, நீ வராத நாளில்தான் வகுப்பு வகுப்பாக இருக்கிறது" என்றார். பெரியவர் பேச்சைத் தட்டக்கூடாது என்று அன்றோடு நின்றுவிட்டேன். இப்போது தோகாவில் ஏசி மெக்கானிக்குக்கு ஏணி பிடிக்கிறேன். ஏறுகிற வேலை இல்லை, பிடிக்கிற வேலை.

எங்கள் கேம்ப் குளியலறையில் ஒரு காலத்தில் பேய் அழுதது. வேலைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு நான் அங்கே ஒளிந்திருந்த அன்றைக்குத் தலைக்கு மேலேயே அழுதது. வெளியே போர்மேன் நிற்கிறான், உள்ளே பேய். கொஞ்ச நேரம் யோசித்து, பேயே தேவலை என்று இருந்துவிட்டேன். அண்ணாந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டியின் மிதவைப் பந்து துருப்பிடித்து முனகுகிறது. இதை வெளியே வந்து சொன்னேன். அதிலிருந்து கீழ்க் கட்டில் டொமினிக் என்னைப் பேய் டாக்டராகவே ஆக்கிவிட்டான்.

டொமினிக் மன்னார்க்காரன். நான் லீவில் கிளம்புகிற சமயத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், போற வழியில என்ர தங்கச்சி வீட்டை ஒருக்கா எட்டிப் பாரன். அங்க பின்னேரத்தில ஒராள் வருதாம்."

"யாருடா வர்றது?"

"அவளின்ர புருசன்."

"புருசன் வீட்டுக்கு வந்தா நல்லதுதானடா?"

"அவன் கடலுக்குப் போய்க் கன வருசமாச்சு. படகு வந்தது. ஆள் வரேல்ல."

போகிற வழி என்று அவன் சொன்னதை யாரும் வரைபடத்தில் தேட வேண்டாம். என்னால் மறுக்க முடியவில்லை. லீவில் ஊருக்குப் போனால் எனக்கு இருக்கிற வேலை, வீட்டுப் பூட்டைத் திறப்பது, தூசி தட்டுவது, மறுபடி பூட்டுவது. அம்மா போனதிலிருந்து அதுதான் நடக்கிறது. கல்யாணம் ஒன்று இரண்டு தடவை வாசல் வரைக்கும் வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

மன்னார்த் தீவுக்குள் போகிற பாலத்தில் பஸ் நின்றது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர், அதில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்கின்றன. நடு ரோட்டில் ஒரு கழுதை நான்கு காலில் நிற்கிறது. கண்டக்டர் சிங்களத்தில் கழுதையைப் பார்த்து ஏதோ கத்தினான். எனக்குப் பக்கத்தில் முருங்கனில் ஏறிய நெல் வியாபாரி ஒருவர். அவர்தான் எனக்காகச் சொன்னார்.

"ஏறுறதெண்டா ஏறு, இல்லாட்டி வழியை விடு எண்டு சொல்லுறான்."

கழுதை ஏறவும் இல்லை, வழி விடவும் இல்லை. கண்டக்டர் மறுபடி ஏதோ சொன்னான். பஸ்ஸே சிரித்தது.

"இப்ப என்ன சொல்றாரு?"

"இது கச்சேரியில வேலை செய்யுதாக்கும், அதுதான் அசையுதில்லை எண்டுறான்."

எங்கள் ஊரிலும் கவர்மெண்ட் ஆபீஸ் உண்டு என்பதால் நகைச்சுவை எனக்கு உடனே விளங்கிவிட்டது. சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

மன்னார் டவுனிலிருந்து தாழ்வுபாட்டுக்கு ஓட்டோ. ஓட்டுகிறவர் பெயர் ஜூட். ஹாண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவில் தன் வயிற்றைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு ஓட்டுகிற ஆள். பாதி வழியில் ஓட்டோ இருமிவிட்டு நின்றது. இறங்கித் தள்ளினேன். அவர் இறங்கவில்லை.

"நான் இறங்கினா ஆர் அண்ணை ஹாண்டில் பிடிக்கிறது?" என்றார்.

ஏணி பிடிப்பவனிடம் இந்த நியாயம் செல்லும். தள்ளினேன். வழியில் காய்கிற மீனின் வாசனை, சைக்கிளில் வலை கொண்டுபோகிறவர்கள், பனைகளுக்கு மேலே வரிசையாக வெள்ளைக் காற்றாடிகள். மின்சாரம் எடுக்கிற பெரிய காற்றாடிகள். ஒவ்வொன்றும் எங்கள் ஊர்க் கோபுரத்தைக் குழந்தை ஆக்கிவிடும்.

"ஆரின்ர வீட்டுக்கு?" என்று ஜூட் கேட்டார். சொன்னேன். ஓட்டோ தானாகவே மெதுவானது.

"எமிலின்ர வீடோ? ஒழுங்கை முகப்பில இறக்கிவிடுறன் அண்ணை. உள்ளுக்கு வரேலாது."

"ஏன், சந்துக்குள்ள ஓட்டோ போகாதா?"

"கடலில போனவன் ஆத்துமப் பூசை கேட்டு வாறான். கார்த்திகையில, ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கிட்ட ஒருக்கா. பிறகு விபூதிப் புதனுக்குக் கிட்ட ஒருக்கா. நாளைப் பிந்த விடுறானே? விடமாட்டான்."

"இப்ப?"

"விபூதிப் புதன் வருகுதெல்லோ" என்றார் ஜூட், எனக்கு ஏதோ திருவிழா டிக்கெட் கிடைத்துவிட்ட மாதிரி.

வீட்டுக்குள் இரண்டு பெண்கள் இருந்தார்கள். டொமினிக்கின் தங்கை ரெஜினா. கருவாடு போடுகிற வேலை, அதனால் முழங்கை வரை உப்பு. இன்னொருத்தர் எமிலின் அம்மா திரேசம்மா. குரல் கொஞ்சம் உசத்தி. காது மந்தமான ஆட்கள், உலகத்துக்கே காது மந்தம் என்று நினைத்துப் பேசுவார்களே, அப்படி.

புட்டும் கணவாய்க் கறியும் போட்டார்கள். மேலே தேங்காய்ப்பால் சொதி. எங்கள் ஊரில் புட்டுக்குச் சீனியும் வாழைப்பழமும். இங்கே புட்டு மீனோடு நேராக வாழ்க்கை நடத்துகிறது. மூன்றாவது தடவை வாங்கினபோது திரேசம்மா, "தம்பி பேயைப் பாக்க வந்தவரோ, பேய்க்குப் பதிலாச் சாப்பிட வந்தவரோ?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி மருமகளிடம் ரகசியம் சொன்னார்.

சாப்பிட்டு முடித்ததும் ரெஜினா முற்றத்துக்கு வந்தாள்.

"அண்ணா, ஒண்டு சொல்லவேணும். ஊரெல்லாம் அவருக்கு ஆத்துமப் பூசை குடுக்கச் சொல்லுது. மாமியும் சொல்லுறா. நான் குடுக்கேல்ல. குடுத்தா அவர் செத்துப்போனார் எண்டு நானே வாயால சொன்ன மாதிரி."

முழங்கையில் காய்ந்த உப்பைத் தட்டிவிட்டுக்கொண்டே மேலே சொன்னாள். 

"இந்த முறை மாமியோட வாதாட ஏலேல்ல. திங்கள் காலமைக்குப் பூசை எழுதியாச்சு. ஆனா நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. வாறது அவர்தான் எண்டா நான் பூசை குடுக்கிறன். அவர் இல்லையெண்டா குடுக்கமாட்டன்."

"நான் சொல்றத நீ நம்புவியா தங்கச்சி?"

"உங்களுக்கு எங்களைத் தெரியாது. அதாலதான் நம்புறன்."

அப்புறம் கேட்டாள்: "உங்கட வீட்டில ஆர் இருக்கினம்?"

"பூட்டு" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மறுநாள் விடியும்போது யாரோ பின்கதவைத் தட்டினார்கள். தட்டல்கூட இல்லை, தோளால் தள்ளுகிற மாதிரி. இரண்டு தள்ளு, ஒரு பெருமூச்சு. முன்ஹாலில் படுத்திருந்த நான் போர்வைக்குள் போய், காலையும் உள்ளே இழுத்துக்கொண்டேன். பேய்க்குக் கால் கிடையாது, ஆகவே நம் காலின் மேல் அதற்கு ஆசை இருக்கும் என்பது என் சித்தாந்தம்.

திரேசம்மா வந்து என் தலைமாட்டில் நின்றார். "கேக்குதே? கடலால வாறவன் பின்கதவாலதானே வருவான்."

டாக்டர் என்று வந்தாயிற்று, எழுந்தே ஆக வேண்டும். விளக்குமாறைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். கழுதை. பாலத்தில் பார்த்ததன் பங்காளி போலிருந்தது. அங்கே சாய்த்து வைத்திருந்த உப்பு மூட்டையை நக்கிக்கொண்டிருந்தது. நக்குகிற சுகத்தில் உடம்பு கதவில் போய் முட்டுகிறது. என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டது. எங்கள் போர்மேன் விடுகிற அதே பெருமூச்சு.

"மூட்டையை உள்ள வைங்க ஆத்தா, இனிமே யாரும் தட்ட மாட்டாங்க" என்றேன்.

திரேசம்மா கழுதையை ஒரு நிமிஷம் பார்த்தார். "இது கழுதை. அது அவன்" என்றார்.

நடுப்பகலில் காற்று கிளம்பியது. கூடவே மொட்டை மாடியிலிருந்து ஊளை. நீளமாக, அடித் தொண்டையிலிருந்து வருகிற ஊளை. பாதி கட்டி நின்ற வீடு அது. எமில் மேல்மாடி எடுக்க நினைத்து, கைப்பிடிக்கு இரும்புக் குழாய்களை நட்டுவைத்துவிட்டுக் கடலுக்குப் போனவர். நான் துவைத்த கைலியைக் காயப்போட மேலே போனேன். ஒரு குழாயின் தலையில் போட்டேன். ஊளை நின்றுவிட்டது.

என் கைலிக்கு இப்படி ஒரு சக்தி இருக்கும் என்று எனக்கே தெரியாது. எடுத்தேன், ஊளை வந்தது. போட்டேன், நின்றது. நாலு தடவை செய்து பார்த்த பிறகுதான் மண்டைக்கு ஏறியது. குழாயின் வாய் திறந்திருக்கிறது, பக்கவாட்டில் ஒரு ஓட்டை, காற்று புல்லாங்குழல் ஊதுகிறது. அங்கிருந்தே ரெஜினாவைக் கூப்பிட்டுக் காண்பித்தேன். அவள் சிரித்தாள். அப்புறம் தன் உள்ளங்கையை அந்த வாயில் வைத்து மூடிக்கொண்டு, கடலைப் பார்த்தாள்.

"இதை நட்ட அண்டைக்கு, வாயை அடைக்கவேணும், வந்து அடைக்கிறன் எண்டு சொன்னவர்" என்றாள்.

பிற்பகலில் திரேசம்மா பால் விடாத பிளேன்ரீயும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்த முயன்றார். வராது என்பதால், மருமகள் கருவாடு புரட்டக் கரைக்குப் போன நேரமாகப் பார்த்து வந்திருந்தார்.

"தம்பி, இன்னும் ரெண்டு கழுதை பிடிக்கலாம், நாலு குழாய் அடைக்கலாம். அது பரவாயில்லை. பின்னேரம் வாறது மட்டும் அவன்தான் எண்டு சொல்லிவிடு."

"பொய் சொல்லணுமா ஆத்தா?"

"ஏன் பொய்? அவன்தானே வாறான். நான் பெத்தவன். அவன் துடுப்புப் போடுற விதம் எனக்குத் தெரியாதே? பூசை இல்லாம அலையுறான். அவளுக்கென்ன, இளம் பிள்ளை, இன்னும் கன காலம் பாத்துக்கொண்டிருப்பாள். எனக்கு நேரமில்லை. நான் போகமுந்தி அவன் இளைப்பாறிவிடவேணும்."

பனங்கட்டி வாயிலேயே நின்றுவிட்டது. எங்கள் ஊர்க் கருப்பட்டிதான், ஆனால் அன்றைக்கு இனிக்கவில்லை.

ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. அந்த மணிக்கு இந்த ஊரில் எல்லோரும் இருந்த வேலையை விட்டுவிட்டு முழங்காலில் நின்று ஜெபம் சொல்வார்கள். இவர்கள் வீட்டில் கிழக்குச் சுவரில் பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்குகிற ஏசு. அதைப் பார்த்து முழங்கால் போட வேண்டும். மேற்கு ஜன்னல் முதுகுக்குப் பின்னால். ஜெபம் நடுவில் எழுந்திருப்பதோ திரும்புவதோ கூடாது, அது பாவம் என்று திரேசம்மா முதலிலேயே எச்சரித்துவிட்டார். என்னைக் கடைசியில் நிறுத்தினார்கள். அதாவது ஜன்னலுக்குப் பக்கத்தில், பேய்க்குக் கைக்கெட்டும் தூரத்தில்.

"ஆண்டவருடைய தூதர் மரியாளுக்கு..." என்று ஆரம்பித்தார்கள்.

சுவரில் ஆரஞ்சு வெளிச்சம் ஒரு பாயளவுக்கு விழுந்திருந்தது. அதில் ஒரு கறுப்பு, மேலிருந்து கீழே இறங்கியது. போனது. மறுபடி இறங்கியது. ஒரே சீராக, அவசரமில்லாமல், யாரோ நின்றுகொண்டு துடுப்புப் போடுகிற மாதிரியே. சத்தம் ஒரு துளி இல்லை.  கண்ணை மூடிக்கொண்டு, மாதா ஜெபத்துக்குள் எங்கள் முனியையும் கூப்பிட்டுக்கொண்டேன். இரண்டு பேருக்கும் கோபம் வராது என்று நம்பினேன். கண்ணைத் திறந்தபோது வெளிச்சம் போயிருந்தது. கறுப்பும் போயிருந்தது.

"கண்டியோ?" என்றார் திரேசம்மா. கண்ணில் தண்ணீர். முகம் மட்டும் ஊர்த் திருவிழா முகம்.

ரெஜினா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கும் பாருங்கோ" என்றாள்.

அடுத்த நாள் முழுக்க நான் ஊரைச் சுற்றினேன். சுற்றுவதாகப் பேர், வீட்டிலிருந்து ஓடினதுதான் உண்மை. வாடகைச் சைக்கிள் ஒன்றை எடுத்து, மணலில் இரண்டு தடவை விழுந்தேன். இரண்டாவது தடவை தூக்கிவிட்ட மீனவர், "அண்ணை, சைக்கிளை ஓடுங்கோ, உழாதேங்கோ" என்று அறிவுரை சொன்னார். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது என் செல்போன், 'இந்தியா உங்களை வரவேற்கிறது' என்று செய்தி அனுப்பியது. என் ஊர் டவர் கடலுக்கு மேலே கையை நீட்டி என்னைத் தொட்டிருக்கிறது. வரவேற்க அந்த டவரை விட்டால் வேறு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அழிக்காமல் வைத்துக்கொண்டேன்.

டொமினிக்கை அழைத்தேன். "நீ உண்மையில என்னத்துக்குடா என்னை அனுப்பின?"

"அவள் ஏதாவது ஒரு பக்கம் முடிவெடுக்கட்டும் எண்டுதான். இப்பிடி நடுவில நிண்டு நிண்டு அவளும் ஒரு ஆவி மாதிரி ஆயிட்டாள் மச்சான்."

ஆறு மணி. மறுபடி முழங்கால். எனக்கு முழங்கால் பழக்கம் இல்லை. பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போனது. பாதி ஜெபத்தில் இடது காலில் குரக்கு பிடித்தது. பல்லைக் கடித்துப் பார்த்தேன். சுவரில் அவர் துடுப்புப் போட ஆரம்பித்த அதே நேரம் என் கால் நரம்பு சுண்டி இழுத்து, என்னை அப்படியே பக்கவாட்டில் உருட்டிவிட்டது. மல்லாந்து கிடந்தேன். முகம் ஜன்னல் பக்கம்.

சூரியன் பனைகளுக்கு மேலே பெரிய தட்டாக நின்றது. அந்தத் தட்டின் நடுவே ஒரு நீளக் கை இறங்கியது. போனது. இன்னொரு கை இறங்கியது.

"காத்தாடி!" என்று கத்தினேன். "யம்மா, காத்தாடிங்க!"

யோசித்துச் சொல்லியிருக்கலாம். இருவர் வாழ்க்கை அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது என்று தெரிந்தும், வாய் என்னைக் கேட்காமல் போய்விட்டது. அவர்கள் இருவரும் திரும்பவில்லை. திரேசம்மா ஜெபத்தை ஒரு சொல் விடாமல் முடித்தார். நான் தரையில் கிடந்தபடியே முடியட்டும் என்று காத்திருந்தேன். அவர் சிலுவை அடையாளம் போட்டு எழுந்தபோது சூரியன் காற்றாடியைத் தாண்டிக் கீழே போயிருந்தது.

முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் கையைக் காட்டிச் சொன்னேன். எப்போதும் அங்கே நிற்கிற காற்றாடிதான். வருஷத்தில் இரண்டு தடவை மட்டும், ஒரு வாரம் பத்து நாள், இறங்குகிற சூரியன் சரியாக அதற்குப் பின்னால் போகிறது. ஒன்று இவர்கள் கார்த்திகை என்கிற நவம்பரில், ஒன்று இப்போது. இந்த வீடு அந்த நேரத்தில் ஜன்னலுக்கு முதுகு காட்டிச் சுவரையே பார்க்கிறது. நிழலைப் பார்த்தவர்கள் உண்டு, நிழல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தவர்கள் இல்லை.

"கார்த்திகையில கொஞ்சம் முந்தி வாறவன்" என்றார் திரேசம்மா.

"அப்ப சூரியன் முந்தி விழும் ஆத்தா."

"காத்தாடி அவர் கடலுக்குப் போன வருசம் எழுப்பினது" என்றாள் ரெஜினா மெதுவாக. "அதுக்கு முந்தி ஒண்டும் வரேல்ல மாமி."

"ஒரு காத்தாடிக்கு என்ர பிள்ளையின்ர கை எப்பிடித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போனார்.

மறுநாள் காற்று விழுந்துவிட்டது. கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. மொட்டை மாடிக் குழாய்க்கும் பேச்சில்லை. ஆறு மணிக்கு மணி அடித்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரேசம்மா ஜெபம் ஆரம்பிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் வந்தது. நிழலும் வந்தது. ஆனால் நகரவில்லை. சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கறுப்பு, கொஞ்சம் சாய்ந்து, அப்படியே நின்றது. காற்றாடி ஓய்ந்து நிற்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் கிட்டே போய் அதன் மேல் கை வைத்தார். மேலிருந்து கீழே தடவினார். நிழல் அவர் கையின் மேலும் விழுந்தது.

"அவன் இவ்வளவு மெல்லிசில்லை" என்றார்.

பிறகு கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டார். "ஒரே பிள்ளையை ரெண்டு தரம் துலைச்ச தாய் நான்தான்" என்றார். உசத்திக் குரல் இல்லை. இப்படியும் அவரால் பேச முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் வாசலுக்குப் போய்விட்டேன். கேம்ப் குளியலறையில் மிதவைப் பந்தைக் கண்டுபிடித்த அன்று எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். இங்கே தட்டுவதற்கு யாரும் இல்லை. நானும் தட்டுகிற மாதிரி ஒன்றும் செய்துவிடவில்லை.

ரெஜினா பின்னால் வந்து நின்றாள்.

"அப்ப அவர் வரேல்ல."

"இல்ல தங்கச்சி. அது வெறும் காத்தாடி."

"ஒரு நாளும் வரேல்லையோ?"

"வரல."

"செத்தவை வீட்டுக்கு வருவினம் எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். மாமியின்ர தாய் வந்தவ. பக்கத்து வீட்டு மனுசன் வந்தவர். அவர் மட்டும் ஒருக்காலும் வரேல்ல எண்டா..."

முடிக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு படித்தவனுக்கே மீதி விளங்கிவிட்டது. காற்றாடிக்கு அவ்வளவு அர்த்தம் கிடையாது, அது சுற்றுகிறது, நிழல் விழுகிறது, அதோடு சரி என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். முதல் நாளிலிருந்து பார்த்த முகத்தில் இப்போதுதான் யாரோ விளக்கை ஏற்றியிருந்தார்கள். அணைக்கிற தைரியம் எனக்கு இல்லை.

"எமிலுக்கு நீச்சல் நல்லாத் தெரியும்" என்றாள். "படகு மணல் திட்டுக்குக் கிட்டக் கிடந்தது. எஞ்சினுக்கு ஒண்டும் ஆகேல்ல. உங்கட பக்கத்து வள்ளம் ஏதும் அவரை ஏத்தியிருக்கலாம்."

திங்கள் காலை பூசை. திரேசம்மா ஞாயிற்றுக்கிழமையே அரிசி எடுத்து வைத்துவிட்டார், பூசை முடிந்து வருகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று. மருமகள் பூசை வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்து, வாய் திறக்காமல் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தார். ரெஜினா வேண்டாம் என்று சொல்லவில்லை. மாலையில் கோயிலுக்குப் போய்ப் பாதரைப் பார்த்துவிட்டு வந்தாள். அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

கோயிலில் ஆண்கள் பக்கம் ஜூட்டுக்கு அருகில் உட்கார்ந்தேன். இங்கே பூசை தொடங்கும் முன் அது யாருக்காக, எதற்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று பாதர் வாசிப்பார். அவர் தாளைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார்.

"கடலுக்குப் போன எமில் சுகமாக வீடு வந்து சேர வேண்டும் என்று மனைவி ரெஜினா ஒப்புக்கொடுக்கும் பூசை."

கோயிலில் எல்லாத் தலைகளும் பெண்கள் பக்கம் திரும்பின. திரேசம்மா கறுப்புக் கரைச் சேலை கட்டி வந்திருந்தார். அவருக்குக் கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. மருமகள் குனிந்து காதில் சொன்னாள். அவர் நேராகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதர் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டார், எல்லோரும் அவரோடு போய்விட்டார்கள். அப்புறம், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், தனியாக, உசத்திக் குரலில் ஒரு "ஆமென்" கேட்டது.

சாப்பாட்டுக்கு ஊர் வந்தது. விளைமீன் குழம்பு, பருப்பு, அப்பளம். ஆட்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒழுங்கைக்குள்ளேயே வரமாட்டேன் என்ற ஜூட்தான் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணை, இது போனவருக்குப் போடுற சாப்பாடோ, வரப்போறவருக்குப் போடுறதோ?"

"தெரியலையே."

"தெரியாமச் சாப்பிட்டா, என்ன முகத்தை வச்சுக்கொண்டு சாப்பிடுறது?"

பரிமாறிக்கொண்டிருந்த திரேசம்மாவுக்கு இது மட்டும் எப்படியோ காதில் விழுந்துவிட்டது. "உன்ர முகத்துக்கு எந்தச் சாப்பாடு எண்டாலும் ஒண்டுதான், சாப்பிடு" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள்.

கிளம்பும்போது ஒரு பை நிறையக் கருவாடு கட்டித் தந்தார்கள். கொழும்பு விமான நிலையத்தில் என்னை வரிசையில் தனியாக நிற்க வைத்தது அந்தப் பைதான். திரேசம்மா என் நெற்றியில் சிலுவை போட்டார். ரெஜினா ஒழுங்கை முகப்பு வரைக்கும் வந்தாள். ஜூட் ஓட்டோவோடு நின்றார்.

"அண்ணா, நீங்கள் அந்தப் பக்கம்தானே. பாம்பன், மண்டபம் எல்லாம் கிட்டத்தானே?"

"பஸ்ஸுல போற தூரந்தான்."

"இடக்கைச் சின்னவிரல் பாதிதான் இருக்கும். எஞ்சின் பெல்ற் வெட்டினது. தாடி வச்சிருந்தாலும், மெலிஞ்சு போயிருந்தாலும், கை மாறாதுதானே."

"மாறாது" என்றேன். 

அவ்வளவுதான் என் பயணம். பேய் இல்லை என்று காட்டப் போனேன், காட்டிவிட்டேன். அந்த வீட்டில் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்துகொண்டிருந்தவர் இனி வரமாட்டார். அவர் இருந்த இடத்தில் நான் வைத்துவிட்டு வந்தது நல்லதா கெட்டதா என்று டொமினிக் போனில் கேட்டான். ஏணி பிடிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது?

ஊருக்கு வந்து பூட்டைத் திறந்தேன். தூசி தட்டினேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. காரணம் கண்டுபிடிக்க ஒரு முனகல்கூட இல்லை. மறுநாள் காலையிலேயே பூட்டிவிட்டுப் பாம்பனுக்குப் பஸ் ஏறினேன். அதற்கடுத்த நாள் மண்டபம். லீவு முடிகிற வரைக்கும் இதுதான் வேலை. படகு வந்து சேருகிற இடத்தில் நின்று, மீன் தூக்குகிறவர்கள், வலை பிரிக்கிறவர்கள், பீடி பற்ற வைக்கிறவர்கள், எல்லோருடைய இடது கையையும் பார்ப்பேன். முகத்தைப் பார்ப்பதே இல்லை. பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், அதில் பெரிய தப்பும் இல்லை.

கடைசி நாள் ஒரு தாடிக்காரர் நண்டுக் கூடையோடு எதிரே வந்தார். இடது கையைக் கூடையின் அடியில் கொடுத்திருந்தார். விரல் தெரியவில்லை. நான் வழியை மறித்துக்கொண்டு, "அண்ணே, கூடைய ஒரு நிமிஷம் கீழ வைங்க" என்றேன்.

"நண்டு வேணுமா?"

"வைங்கண்ணே."

வைத்தார். கையை உதறினார். சின்னவிரல் முழுசாக இருந்தது.

ஒரு கூறு நண்டு வாங்கிக்கொண்டேன். சமைத்துச் சாப்பிட வீட்டில் ஆள் இல்லை என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.